அணில் வளர்ப்பு செட்: எது உதவும், எது உயிரை வாங்கும்

மதுரையில் வளர்ப்புப் பிராணிக் கடைகளில் அணிலுக்கு என்று கேட்டால் பெரும்பாலும் நான்கு பொருளைச் சேர்த்துக் கையில் கொடுப்பார்கள்: ஒன்றரை அடிக் கம்பிக் கூண்டு, அதற்குள் ஓடுசக்கரம், ரப்பர் காம்பு போட்ட பால்புட்டி, சூரியகாந்தி விதை கலந்த ஒரு பொட்டலம் தீனி. கூண்டும் சக்கரமும் ஹாம்ஸ்டர் என்ற வெளிநாட்டு எலி வகைக்கு என்று செய்தவை. நம் வேம்பிலும் தென்னையிலும் ஓடுகிற மூன்று வரி அணிலுக்கு இவற்றில் எதுவுமே அளவெடுத்துச் செய்யப்பட்டதல்ல.

முதலில் கூண்டு. வளர்ந்த அணில் நூறு கிராம் சொச்சம்தான் இருக்கும். ஆனால் அது ஒரு பகலில் ஏறி இறங்கும் மரங்களை எண்ணிப் பார்த்தால் ஒன்றரை அடி எவ்வளவு என்பது புரியும். முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். கூண்டில் கடிக்கக் கிடைப்பது கம்பி மட்டுமே. பெயிண்ட் அடித்த கம்பி என்றால் பெயிண்ட் வயிற்றுக்குள் போகும். ஜிங்க் பூசிய கம்பி என்றால் துத்தநாகம் உடம்பில் ஏறி நஞ்சாகும். கொஞ்ச நாள் அடைபட்ட அணிலின் மூக்கைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள்: நுனிக்குச் சற்று மேலே மிளகளவுக்கு முடி உதிர்ந்து தோல் சிவந்திருக்கும். கம்பி இடுக்கில் முகத்தை நுழைத்து நுழைத்து வந்த புண் அது. ஒரே மூலையில் ஏறி, ஒரே இடத்தில் குட்டிக்கரணம் போட்டு, மறுபடி அதே மூலைக்கு ஓடும். அதை விளையாட்டு என்று செல்போனில் படம் பிடிக்கிறார்கள். அடைபட்ட விலங்கின் தவிப்பு அது. நடமாடப் போதிய நீள அகல உயரம் இல்லாத கூண்டில் ஒரு விலங்கை அடைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சக்கரம் இதைவிட மோசம். ஏணிப்படி போல இடைவெளி விட்டுக் கம்பி வைத்த சக்கரத்தில் பின்கால் நுழைந்தால் எலும்பு முறியும். வால் சிக்கி அணில் பதறி இழுத்தால், வாலின் தோல் உறையைப் போல முழுசாகக் கழன்று வந்துவிடும். வெறும் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது மறுபடி மூடாது. மருத்துவர் அந்தப் பகுதியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். கிளைக்குக் கிளை தாவும் உயிருக்கு வால்தான் நிதானம். சக்கரத்தைக் கழற்றி வீசுவதைத் தவிர வேறு யோசனை எங்களிடம் இல்லை.

பால்புட்டி நாய்க்குட்டிக்கு உரியது. காம்பின் துளை பெரிதாக இருப்பதால் ஒரு அழுத்தில் பாய்கிற பால் அணில் குட்டியின் மூக்கு வழியே திரும்பி வரும், நுரையீரலுக்கும் போகும். கையில் வளர்க்கும் குட்டிகள் சளி கட்டிச் சாவதற்கு இது முக்கியமான காரணம். இதற்குப் பதில் மருந்துக்கடையில் ஊசி கழற்றக்கூடிய 1 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். ஊசி ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம். சைக்கிள் கடையில் வால்வு டியூப் எனும் மெல்லிய ரப்பர் குழாய் ஒரு துண்டு வாங்கி, கொதிநீரில் போட்டு எடுத்து, ஒரு சென்டிமீட்டர் வெட்டிச் சிரிஞ்சின் முனையில் மாட்டினால் நல்ல காம்பு. ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். தளர்ந்த துண்டைக் குட்டி விழுங்கிவிடும்.

பசும்பால் கூடவே கூடாது, வயிற்றுப்போக்கு வரும். நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடரை டின்னில் சொன்ன அளவில் வெந்நீரில் கரைத்து, கை பொறுக்கும் சூட்டில் கொடுக்கலாம். எடைக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு என்பது கணக்கு: 20 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 1 மில்லி. கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. மல்லாத்திப் பிடிக்காமல், வயிறு கீழே இருக்க, தலை சற்று உயர்ந்திருக்கப் பிடிக்க வேண்டும். குடித்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்ல ஒற்றி எடுங்கள். தாய் நக்கி விடுவதற்கு ஈடு இது. கண் திறக்காத குட்டிக்குத் தானாகச் சிறுநீர் போகத் தெரியாது.

பலரும் தவறுவது பாலுக்கு முந்தைய படியில். சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காமல் செத்துவிடும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர இடம் இருக்கட்டும். உள்ளங்கையில் கதகதப்பாகத் தெரிந்த பிறகு சில சொட்டு ஓ.ஆர்.எஸ் கரைசல், அதற்கும் பிறகே பால்.

தீனிப் பொட்டலம் பார்க்கத்தான் சாது. சூரியகாந்தி விதையிலும் நிலக்கடலையிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதையே தின்னும் அணில் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உறிஞ்சும். முதலில் சோம்பல், பிறகு பின்கால் இழுவை, நடுக்கம், சின்னத் தாவலுக்கே எலும்பு முறிவு. வெயில் படாத அறையில் இது இன்னும் சீக்கிரம் வரும். நாட்டு மருந்துக்கடையில் கடல்நுரை என்று கிடைக்கும் கணவாய் ஓடு ஒரு துண்டு, முருங்கைக்கீரை, கொய்யா, வேப்பம்பழம், மரப்பட்டையோடு ஒரு கிளை: இவை அந்தப் பொட்டலத்தைவிட எவ்வளவோ மேல்.

சில இடங்களில் கேட்டால் செட்டோடு அணில் குட்டியும் கொடுப்பதுண்டு. அதை எந்த விலைக்கும் வாங்கச் சொல்ல மாட்டோம். அணிலைக் கோழி போல யாரும் பெருக்கி விற்பதில்லை. தென்னை மட்டை கழிக்கும்போதும் மரம் வெட்டும்போதும் கூட்டிலிருந்து எடுத்ததுதான் வருகிறது. கண் திறக்கிற பருவத்தில் எடுத்தால் மனிதரோடு ஒட்டும் என்பதற்காகவே அந்த வயதில் எடுக்கிறார்கள். பருவத்துக்கு வந்ததும் அதே அணில் வளர்த்தவர் விரலைப் பதம் பார்க்கும். நன்றி கெட்டதனம் இல்லை, அதன் இயல்பு அது. பெரிய கூண்டு கேட்டு வருகிறவர்களும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சாம்பல் நிற அணிலுக்கு என்றால் பேச்சே வேண்டாம். அதற்காக 1988இல் சரணாலயமே அமைத்திருக்கிறார்கள். பிடித்து வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

ஆடிக் காற்றில் கூடு சிதறி விழுந்த குட்டி என்றால் கடைக்கு ஓடும் முன் தாயைப் பாருங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை. குட்டியைச் சூடாக்கி, தேங்காய் நார் பரப்பிய சிறு பெட்டியில் வைத்து, விழுந்த மரத்திலேயே பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். தாய் வாயில் கவ்வி வேறு கூட்டுக்குத் தூக்கிப் போய்விடும். இருட்டினால் அது வராது. அன்றிரவு மட்டும் உள்ளே எடுத்துக் காத்து, விடிந்ததும் மறுபடி கட்டுங்கள். காயம் இருந்தாலோ பூனை வாய் பட்டிருந்தாலோ நேரே கால்நடை மருத்துவமனைக்கு. பூனைப் பல் பட்ட இடம் வெளியே தெரியாமல் உள்ளே சீழ் பிடிக்கும்.

தாய் வராத குட்டியை வளர்ப்பது ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு வார வேலை. கொட்டையைத் தானே உடைத்து, ஆளைக் கண்டால் ஒளிகிற நிலைக்கு வந்ததும் விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே கூண்டை வாங்கிவிட்டவர்களுக்கு அது உதவுவது இந்த இடத்தில்தான். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பாதிக் கூரையை ஓலையால் மூடி, நிழலான கிளையில் எட்டடி உயரத்தில் தொங்கவிடுங்கள். தொங்கும் கம்பியில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு மொய்த்துவிடும். ஒரு வாரம் அங்கேயே பழகட்டும். பிறகு மழை இல்லாத ஒரு நாள் காலை ஏழு மணிக்குள் கதவைத் திறந்தால் முழுப் பகலும் அதன் கையில் இருக்கும். கதவைத் திறந்தபடியே கம்பியால் கட்டி வையுங்கள், இரவில் திரும்பி வந்து படுக்கும். தீனியும் தண்ணீரும் இரண்டு வாரமாவது அதே கிளையில் இருக்கட்டும்.