டர்பன் கடலில் முதல் ரெகுலேட்டர்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

ஸ்கூபா சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் மாஸ்க் வாங்குவோம், அப்புறம் ஃபின். சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை வாங்கும் கட்டம் வந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எதில் மூச்சு நல்லா வரும்?" டர்பனைச் சுற்றி டைவ் செய்கிறவர்கள் இந்தக் கேள்வியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிடலாம் என்பேன். முதல் கேள்வி, இதை இந்த ஊரில் யார் பிரித்து சர்வீஸ் செய்வார்கள்? அடுத்தது, மணலைத் தாங்குமா?

மணலுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், இங்கே துறைமுகத்தில் சாவகாசமாகப் படகேறிப் போகும் டைவிங் குறைவு. அலிவால் ஷோல் என்ற பாறைத்திட்டுக்கு உம்கோமாஸிலிருந்து போனாலும் சரி, வடக்கே சொட்வானாவுக்குப் போனாலும் சரி, ரப்பர் டக் என்கிற காற்றடைத்த மோட்டார் படகு கரையிலிருந்தே அலையைக் கிழித்துக்கொண்டு கிளம்பும். திரும்பும்போது ஸ்கிப்பர் வேகத்தைக் குறைக்காமல் படகை நேராக மணல்மேல் ஏற்றி நிறுத்துவார். சொட்வானாவில் கியர் மாட்டுவதே கடற்கரையில், கூடாரத்துக்கு அடியில் தார்ப்பாய் விரித்து. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டன் இடுக்கில்கூட மணல் இருக்கும். இந்தச் சூழலுக்குத்தான் ரெகுலேட்டர் தேட வேண்டும். கடை விளக்கொளியில் பளபளப்பதற்கு அல்ல.

நான் சில வருடங்களாக வைத்திருப்பது பேலன்ஸ்டு டயாஃபிரம் வகை, வெளியே சீல் செய்தது, டின் (வால்வுக்குள் திருகும்) இணைப்பு. எந்த பிராண்டு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு பிராண்டுச் சண்டையாகிவிடும். வகைதான் முக்கியம்.

சிலிண்டருக்குள் காற்று 200 அல்லது 232 பார் அழுத்தத்தில் இருக்கும். சிலிண்டர் வால்வில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9, 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி இறக்கிக் கொடுக்கும். இதுதான் இடை அழுத்தம். மிச்சத்தை வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ் பார்த்துக்கொள்ளும். பிஸ்டன் வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் பொதுவாகக் கடல்நீர் ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள்ளேயே வந்து போகும். நீரோடு உப்பும் மணலும் வரும். டயாஃபிரம் வகையில் ஒரு ரப்பர் தகடு குறுக்கே நின்று நீரை வால்வுப் பக்கம் விடாது. அதற்கு வெளியே இன்னொரு சீல் போட்டுவிட்டால் ஸ்பிரிங்கும் நனையாது. ஸ்கூபாப்ரோ கம்பெனியின் மாடல்களில் எம்கே25 பிஸ்டன், எம்கே17 டயாஃபிரம். ஏபெக்ஸின் எக்ஸ்டிஎக்ஸ்50 செட்டோடு வரும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் டயாஃபிரம்தான். பிஸ்டன் மட்டம் என்று சொல்லவில்லை. அதில் நகரும் பாகங்கள் குறைவு, காற்றையும் அள்ளிக் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் நன்றாக ஊறவைத்து அலச வேண்டும். சொட்வானா முகாமில் வாளித் தண்ணீரில் நாலைந்து பேர் மாறி மாறி முக்கி எடுப்பதை அலசல் என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பேலன்ஸ்டு விஷயத்தில் சமரசம் வேண்டாம். பேலன்ஸ் இல்லாத எளிய பிஸ்டன் மலிவு, உழைக்கும், பள்ளிகள் வாடகைக்குக் கொடுப்பது பெரும்பாலும் அதுதான். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது வித்தியாசமே தெரியாது. காற்று குறையக் குறைய இடை அழுத்தமும் இறங்கி, மூச்சைப் பலமாக இழுக்க வேண்டியிருக்கும். 1974-ல் அலிவாலில் மோதி மூழ்கிய புரொட்யூஸ் கப்பல் கிடப்பது ஏறத்தாழ 30 மீட்டரில். அங்கே சுற்றழுத்தம் 4 பார். ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே எடுப்பதைப் போல நான்கு மடங்கு காற்று போகும். அந்த ஆழத்தில் 70 பார் மிச்சமிருக்க, பக்கத்தில் இருப்பவரும் உங்கள் ஆக்டோபஸை (உபரி செகண்ட் ஸ்டேஜ்) பிடித்துக்கொண்டால் பேலன்ஸ்டு எதற்கு என்று விளங்கிவிடும்.

செகண்ட் ஸ்டேஜைப் பற்றிக் கடைகளில் பேசும் அளவுக்குப் பேச ஒன்றுமில்லை. இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் திருகு என்னுடையதில் இருக்கிறது. ஓரிடத்தில் வைத்தேன், அதோடு மறந்துவிட்டேன். உதவுவது பக்கத்தில் இருக்கும் சின்ன வென்சுரி லீவர்தான், காற்று தானாகக் கொட்டுவதைத் தடுக்க. ரப்பர் டக்கிலிருந்து முதுகுப்புறமாக விழும்போது ஆக்டோபஸ் தண்ணீரில் அறைபட்டு, காற்றைக் கொட்ட ஆரம்பிக்கும். நீரோட்டம் இருக்கும் நாளில் மேலே நிற்காமல் நேராக இறங்கச் சொல்வார்கள். அப்போது அதை நிறுத்தவும் நேரமிருக்காது. குதிக்கும் முன் லீவரை மைனஸ் பக்கம் தள்ளி வைத்தால் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. குளிர்காலத்தில் அலிவாலில் கதீட்ரல் என்ற டைவ் இடத்தின் விளிம்பில் அசையாமல் இருந்து ராகி சுறாக்களைப் பார்க்கும்போது, பக்கத்தில் ஒருவரின் ஆக்டோபஸ் பொலபொலவென்று குமிழி விட்டால் எல்லோரும் அவரைத்தான் முறைப்பார்கள். ஆக்டோபஸில் இந்த லீவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவுப் பதிப்புகளில் முதலில் வெட்டுவது அதைத்தான்.

தாடை வலித்தால் ரெகுலேட்டரை மாற்ற வேண்டாம், மவுத்பீஸை மாற்றுங்கள்.

இனி சர்வீஸ். பல கம்பெனிகளின் கையேடு இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒரு முழு சர்வீஸ், இடையில் ஒரு சோதனை என்று சொல்கிறது. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களும், வால்வை அடைக்கும் சீட்டும் அடங்கிய கிட் கடையில் இருக்க வேண்டும், அந்த மாடலைப் பிரித்துப் பழகிய ஆள் இருக்க வேண்டும். இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிய பிராண்டுக்கு இங்கே முகவர் இல்லையென்றால், கிட் கப்பலில் வரும்வரை நீங்கள் கரையில் உட்கார்ந்திருப்பீர்கள். என் முதல் சர்வீஸ் ஒரு கடையில் முடிந்து வந்தபோது, சிலிண்டரில் மாட்டித் திறந்ததும் எல்லாம் சரியாகவே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து செகண்ட் ஸ்டேஜ் மெல்லச் சீற ஆரம்பித்தது. இடை அழுத்தம் ஓரிடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் கோளாறு அது. உயர் அழுத்த சீட் ஒழுங்காக அமரவில்லை என்று அர்த்தம். திருப்பிக் கொண்டுபோனால், "கொஞ்ச நாள் டைவ் பண்ணுங்க, செட் ஆயிடும்" என்றார்கள்.

அப்புறம்தான் இப்போது செய்து தருபவரிடம் போனேன். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர், காவடி மாதத்தில் விரதம் இருப்பார், அந்த நாட்களில் கடலுக்கு வரமாட்டார், பட்டறை மட்டும் திறந்திருக்கும். என் கண்ணெதிரே பிரித்தார், பழைய பாகங்களைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். "தம்பி, கேஜ் ஒன்னு வாங்கி வச்சுக்கோங்க, யாரையும் நம்ப வேணாம், என்னையும்தான்" என்றார். பிசிடி (மிதவை ஜாக்கெட்) ஹோஸில் மாட்டும் இடை அழுத்த கேஜ் அது, பெரிய விலை இல்லை. செகண்ட் ஸ்டேஜும் மாட்டியிருக்கும்போதுதான் அதைப் பயன்படுத்த வேண்டும். அழுத்தம் மிஞ்சினால் வெளியேற அதுதான் வழி. கையேட்டில் சொன்ன எண்ணுக்கு வந்து முள் அசையாமல் நின்றால் நல்லது. மெதுவாக ஏறினால் அந்த வார இறுதிக்குப் படகு பதிவு செய்ய வேண்டாம்.

கேஜ் இல்லாமலே செய்யும் சோதனையும் ஒன்று உண்டு. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியைப் போட்டு, சிலிண்டர் இல்லாமல் செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து மெதுவாக இழுங்கள். காற்று வரவே கூடாது. கொஞ்சமாக வந்தால் எங்கோ கசிவு. பெரும்பாலும் வெளியேற்ற வால்வில் ஒரு மணல் துகள் ஒட்டியிருக்கும், இல்லை செகண்ட் ஸ்டேஜின் டயாஃபிரம் நகர்ந்திருக்கும். மூச்சோடு தண்ணீரும் வருகிறது என்ற புகாரில் பாதி இந்தத் துகளின் வேலைதான்.

ஹோஸ் விஷயத்தில் பலருக்கும் பயம் இடம் மாறி இருக்கிறது. பிரஷர் கேஜுக்குப் போகும் உயர் அழுத்த ஹோஸ் வெடித்தால் சத்தம் பயங்கரமாக இருக்கும், ஆனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் அந்தத் துளை ஊசி முனை அளவுதான் என்பதால் காற்று அவ்வளவு வேகமாகத் தீராது. குறைந்த அழுத்த ஹோஸ் கிழிந்தால்தான் சிலிண்டர் வேகமாகக் காலியாகும். அதனால் அவற்றின் உலோக முனைக்குப் பக்கத்தில் விரிசல் இருக்கிறதா என்று வளைத்துப் பார்ப்பது என் வழக்கம். அந்த இடத்தை மூடும் பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றி எறிந்துவிட்டேன். உள்ளே உப்பு தங்குகிறது, விரிசலும் தெரிவதில்லை.

டின்னா, யோக்கா? வால்வைச் சுற்றிப் பிடிக்கும் யோக்கை இங்கே ஏ-கிளாம்ப் என்பார்கள். டின்னில் ரெகுலேட்டர் வால்வுக்குள் திருகி உட்காரும், ஓ-ரிங் நடுவே சிக்கிக்கொள்வதால் படகில் இடிபட்டாலும் பிதுங்காது. நம் பக்கத்து வாடகை சிலிண்டர்கள் பலவற்றில் யோக் மாட்டுவதற்கான இன்சர்ட் இருக்கும், ஆலன் கீயால் கழற்றினால் டின் தயார். கழற்றிய இன்சர்ட்டைத் திருப்பிக் கொடுக்க மறந்தால் படகுக்காரர் அடுத்த முறை ஞாபகமாகக் கேட்பார். கேப் டவுன் போனாலும் இதே செட் போதும். கோடையில் தென்கிழக்குக் காற்று அடித்தால் அட்லாண்டிக் பக்கம் நீர் 10 டிகிரிக்கு இறங்கும், அந்தக் குளிரில் உறைந்து காற்றைக் கொட்டாமல் இருக்கவும் சீல் செய்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் உதவும்.

ஊருக்குப் போகும்போது புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவ் செய்யும் எண்ணமிருந்தால் டின்-யோக் அடாப்டர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே யோக் சிலிண்டர்தான் அதிகம். ரெகுலேட்டரைக் கைப்பையிலேயே எடுத்துப் போகிறேன். ஸ்கேனரில் பார்த்துவிட்டு இது என்னவென்று கேட்பார்கள், சொன்னால் விட்டுவிடுவார்கள். ஆலன் கீயை மட்டும் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.