சங்கம் வந்துவிட்டது, நிர்வாகம் என்ன செய்யலாம்? ஓசூரிலிருந்து ஓர் ஒப்பீடு

ஓசூர் சிப்காட்டிலோ பர்கூரிலோ குருபரப்பள்ளிப் பக்கமோ ஒரு கம்பெனியில் சங்கம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர் சேர்ந்து மனுப் போடலாம். தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தால் பதிவு கிடைக்கும். 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்தில் 2001 திருத்தம் கொண்டுவந்த கணக்கு இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே கணக்குதான். பதிவு எண் போட்ட லெட்டர்பேடில் முதல் கடிதம் எச்.ஆர். மேஜைக்குப் போகிறது. அதற்கு நிர்வாகம் என்ன பதில் சொல்கிறது என்பதை வைத்துத்தான் அந்த ஆலையின் அடுத்த பத்து வருஷம் அமையும்.

நடைமுறையில் மூன்று வழிகளைப் பார்க்கிறோம். ஒன்று, மோதுவது. இரண்டாவது, சங்கத்துக்குப் பதிலாக ஒரு கமிட்டியை நிறுத்தி, கையோடு சம்பளத்தையும் கொஞ்சம் ஏற்றிவிடுவது. மூன்றாவது, தலை எண்ணிப் பார்த்து, பெரும்பான்மை எந்தச் சங்கத்துக்கு இருக்கிறதோ அதோடு உட்கார்ந்து பேசுவது. தொழிலாளர் தரப்புக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு லேபர் ஆபீஸ் படியேறுவது என் வேலை. என் மனசு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. இருந்தாலும் இங்கே நிர்வாகத்தின் லாப நஷ்டத்தை வைத்தே மூன்றையும் நிறுத்துப் பார்க்கிறேன். அந்தக் கணக்கிலும் மூன்றாவதுதான் முந்தி நிற்கிறது.

மோதல்

இது நூறு வருஷப் பழக்கம். 1918-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்நின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளை நடத்திய பின்னி கம்பெனி, வாடியா மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. வாடியா ஒதுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தத் தடையாணையைப் பார்த்துத்தான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் மத்திய சட்டசபை வரை போனது. அது 1926 சட்டமாக வந்தும் சேர்ந்தது.

இப்போது யாரும் சங்கத்தலைவர் மேல் அப்படி வழக்குப் போடுவதில்லை. மெமோ போதும். என் கைக்கு வந்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். ராயக்கோட்டைப் பக்கத்து ஆள், சி.என்.சி. ஆபரேட்டர், அதுவரை ஒரு மெமோகூட வாங்காதவர். சங்கப் பொருளாளராகத் தேர்வான அதே வாரம், கேன்டீனில் ஐந்து நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்திருந்ததாக விளக்கம் கேட்டு ஒரு மெமோ. பதில் எழுதிக் கொடுத்தார். பதிலின் தொனி நிர்வாகத்தை அவமதிப்பதாக இருக்கிறது என்று இரண்டாவது மெமோ. அடுத்தது உத்தராகண்டில் இருக்கும் யூனிட்டுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர். மூன்று காகிதத்திலும் ‘சங்கம்’ என்ற சொல்லே கிடையாது. ஆனால் மூன்றையும் தேதிவாரியாக மேஜையில் அடுக்கி வைத்தபோது தொழிலாளர் துறையின் சமரச அதிகாரிக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த வழியில் நிர்வாகத்துக்குக் கிடைப்பது கொஞ்ச நாள் அமைதி. கொடுப்பது ரொம்ப அதிகம். வழக்கு வருஷக்கணக்கில் ஓடும். நல்ல ஆபரேட்டர்கள் ஒவ்வொருவராக அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று எல்லை தாண்டி வேலை தேடிக்கொள்வார்கள். லைனில் புது ஆள் நிற்பான், ரிஜெக்‌ஷன் ஏறும். மாருதியின் மானேசர் ஆலையில் 2011-ல் தனிச் சங்கம் கேட்டவர்களுக்குப் பதிவு மறுக்கப்பட்டது. நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவோம் என்று கேட்டை அடைத்தார்கள். 2012 ஜூலை 18-ல் மூண்ட வன்முறையில் மனிதவள அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் வேலையை இழந்தார்கள். 2017 தீர்ப்பில் 13 பேருக்கு ஆயுள் தண்டனை, 117 பேர் விடுதலை. அந்த 117 பேரில் பலர் ஜெயிலில் கழித்த வருஷங்களை எந்தத் தீர்ப்பு திருப்பிக் கொடுக்கும்? கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. அந்த நாள் வரை கொண்டுபோய் விட்ட ஒரு வருஷத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கமிட்டி

எனக்கு அதிகம் கவலை தருவது இந்த வழிதான். பார்க்க நல்லதுபோலவே இருக்கும். நல்ல எண்ணத்தோடு இதில் இறங்கும் மேனேஜர்களும் உண்டு. ‘எதற்கு வெளியாட்கள்? நமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்ப்பா’ என்பார்கள்.

நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஒர்க்ஸ் கமிட்டி, அதாவது நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து உட்காரும் குழு, வைக்க 1947-ன் தொழில் தகராறு சட்டத்திலேயே வழி இருந்தது, புதிய தொகுப்பிலும் உண்டு. அன்றாட உரசல்களைத் தீர்க்க அது நல்ல ஏற்பாடு. அதன் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினால் தெரியும்: பாலக்கோடு பஸ் பத்து நிமிஷம் முன்னால் கிளம்ப வேண்டும், சேஃப்டி ஷூ சைஸ் மாறி வந்திருக்கிறது, ராத்திரி ஷிஃப்ட்டுக்கு டீ ஆறிப்போய் வருகிறது. எல்லாம் தேவையான விஷயங்கள்தான். ஆனால் கூலி, போனஸ், நிரந்தரம், வேலைப்பளு என்று பேச்சு வந்தால் ‘இது கமிட்டியின் வரம்பில் இல்லை’ என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். கமிட்டி சங்கத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் சொல்லிவிட்டது.

கூடவே வரும் சம்பள உயர்வு இன்னும் சிக்கல். சங்கம் உருவாகும் முக்கியமான கட்டத்தில், அதைக் குலைக்கும் நோக்கத்தோடு கூலி உயர்த்துவது முறையற்ற தொழில் நடவடிக்கை என்று அந்த 1947 சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தெளிவாக எழுதியிருந்தார்கள். மிரட்டுவதும், நிர்வாகமே ஒரு சங்கத்தை நிறுத்துவதும் அதே பட்டியலில்தான் வரும். புதிய தொகுப்பிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. எச்.ஆர். ஆட்களில் பலர் இதைப் படித்ததே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. படித்திருந்தால் அந்தச் சம்பள உயர்வு சர்க்குலரில் அந்தத் தேதியைப் போட்டிருக்க மாட்டார்கள்.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024-ல் நடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதன் நடுவில் அக்டோபர் 7-ல் கம்பெனி ஒரு தொழிலாளர் கமிட்டியோடு உடன்பாடு போட்டு, மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. போராட்டம் நிற்கவில்லை. 37 நாள் ஓடி அக்டோபர் 15-ல்தான் முடிந்தது. சங்கப் பெயரில் தன் பெயர் இருக்கக் கூடாது என்ற கம்பெனியின் ஆட்சேபத்தையும் தாண்டி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் பதிவு வந்தது. அதற்குப் பிறகும் சஸ்பென்ஷன், உள்ளிருப்புப் போராட்டம் என்று ஒரு சுற்று நடந்தது. மே மாதம் சங்கத்தோடு மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் வாரத்திலேயே உட்கார்ந்திருக்கக்கூடிய மேஜைக்கு எட்டு மாதம் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். அந்த எட்டு மாதத்தில் போன உற்பத்தியையும் போன கூலியையும் இரண்டு தரப்பும்தான் சுமந்தன.

எண்ணிப் பார்த்துப் பேசுவது

புதிய தொகுப்பு வரும்வரை தமிழ்நாட்டில் பதிவு என்பது வேறு, அங்கீகாரம் என்பது வேறு. பதிவான சங்கத்தை நிர்வாகம் ஏற்றே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் 1971-லேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. புதிய தொகுப்பு இதை மாற்றியிருக்கிறது. பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அவ்வளவு இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்த ஒரு குழு. அங்கீகாரம் மூன்று ஆண்டு, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஐந்து வரை.

எண்ணுவதற்கு இரண்டு முறை உண்டு: உறுப்பினர் பட்டியலைச் சரிபார்ப்பது, ரகசிய வாக்கெடுப்பு. பட்டியல் என்றால் யார் யார் சேர்ந்தார்கள் என்ற பெயர் முழுக்க நிர்வாகத்தின் கண்ணில் படும். மேலே சொன்ன பொருளாளரின் கதைக்குப் பிறகு எத்தனை பேர் துணிந்து பெயர் கொடுப்பார்கள்? ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ்ஸிலேயே போய்வந்து வேலை பார்க்கும் வெளிமாநிலப் பெண்களுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. அவர்களுக்கு வேலையோடு சேர்ந்து படுக்கும் இடமும் போய்விடும். பெட்டியில் சீட்டைப் போடுவதென்றால் அந்தப் பயம் இல்லை. சமரச அதிகாரி முன்னால், ஷிஃப்ட் வாரியாக, தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தியில் அச்சடித்த சீட்டோடு ஒரே நாளில் முடிக்கலாம். ஆகவே வாக்கெடுப்புக்குத்தான் என் ஓட்டு.

நிர்வாகத்துக்கு இதில் கிடைக்கும் பெரிய லாபம் ஒப்பந்தத்தின் பலம். கமிட்டியோடோ ஒரு சிலரோடோ தனியாகப் போடும் ஒப்பந்தம், 1947 சட்டப் பிரிவு எண்ணை வைத்து 18(1) என்று சொல்லிவந்தது, கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டும். மற்றவர்கள் மறுநாளே புதுக் கோரிக்கையோடு வரலாம். சமரச அதிகாரி முன்னால் போடும் ஒப்பந்தம், அதே சட்டத்தின் 12(3) பிரிவை வைத்து ஆலையில் எல்லோரும் ‘பன்னெண்டு மூணு’ என்பார்களே அது, அத்தனை தொழிலாளரையும் கட்டும், பிறகு சேருகிறவர்களையும் சேர்த்து. மூன்று வருஷத்துக்கு உற்பத்தி இலக்கு, கூலி, லீவு எல்லாம் எழுத்தில் இருக்கும். வண்டிக் கம்பெனிகளுக்கு மணிக்கணக்கு வைத்து உதிரிபாகம் அனுப்பும் ஆலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

‘வெளியாள்’ பயத்துக்குச் சட்டத்திலேயே வரம்பு இருக்கிறது: நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அதற்கு மேல் வெளியிலிருந்து வர முடியாது. ‘தொந்தரவு கொடுத்தால் வேறு மாநிலம் போய்விடுவோம்’ என்ற பேச்சு ஓசூருக்குப் புதிதல்ல, எல்லை அவ்வளவு பக்கம். 1980-ல் இங்கே வந்த அசோக் லேலண்ட், சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டே இரண்டாவது ஆலையையும் இங்கேயேதான் கட்டியது.

மூன்றாவது வழியிலும் ஓட்டைகள் இருக்கின்றன. இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஆலையில் ஒரே சங்கம் இருந்தால், விதிகள் சொல்லும் நிபந்தனைக்கு உட்பட்டு அதையே ஏற்க வேண்டும் என்கிறது தொகுப்பு. அப்படியானால் அவசரமாக இரண்டாவது சங்கம் ஒன்றைக் கிளப்பிவிட்டு, முதல் சங்கத்தை 51-க்குக் கீழே இழுக்கும் ஆசை நிர்வாகத்துக்கு வரும். இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. லைனில் பாதிக்கு மேல் கான்ட்ராக்ட் ஆட்களும் டிரெய்னிகளும் நிற்கும் ஆலைகள் இந்த மாவட்டத்தில் நிறைய. ஊத்தங்கரையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வரும் டிரெய்னிப் பையனுக்கு இந்த வாக்கெடுப்பில் சீட்டு கிடையாது. ஜெயித்த சங்கம் நிரந்தரத் தொழிலாளரின் கூலியை மட்டும் பேசி முடித்துவிட்டு எழுந்தால், அடுத்த மோதல் அந்தப் பையன்களிடமிருந்து கிளம்பும். அதனால் முதல் கோரிக்கைப் பட்டியலிலேயே டிரெய்னிகளை எத்தனை வருஷத்தில் நிரந்தரமாக்குவது, கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேன்டீன், பஸ், இ.எஸ்.ஐ. என்ன என்பதை எழுதிச் சேர்க்கச் சொல்கிறேன். நிர்வாகம் அந்த வரிகளை அடிக்கச் சொன்னால், கூலியில் கொஞ்சம் இறங்கியாவது அவற்றைக் காப்பாற்றுங்கள் என்றும் சொல்கிறேன்.