0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40: உங்கள் எஞ்சினுக்கு எது?

“எந்த கம்பெனி ஆயில் நல்லது?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. ஒரே கிரேடும் (5டபிள்யூ-30 போன்ற எண்) ஒரே தரச்சான்றும் உள்ள இரண்டு நல்ல பிராண்டுகளில் எதை ஊற்றினாலும் எஞ்சினுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கிரேடோ தரச்சான்றோ தப்பிவிட்டால், எவ்வளவு பெயர் பெற்ற பிராண்டும் காப்பாற்றாது. அதனால் இங்கே பிராண்டுகளை விட்டுவிட்டு, கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை ஒப்பிடுகிறேன்.

முதலில் அந்த எண்கள். 5டபிள்யூ-30 என்றால் 5 டிகிரியிலிருந்து 30 டிகிரி வரை தாங்கும் ஆயில் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எவ்வளவு தடை கொடுக்கும் என்பதைச் சொல்கிறது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30-லும், 10டபிள்யூவை மைனஸ் 25-லும், 15டபிள்யூவை மைனஸ் 20-லும் சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள எண் எஞ்சின் சூடான பிறகு ஆயிலுக்கு இருக்கும் கெட்டித்தன்மை. 100 டிகிரி செல்சியஸில் 20 கிரேடு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரையிலும், 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரையிலும், 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரையிலும் இருக்க வேண்டும். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர்கள் அமைப்பின் ஜே300 தரநிலை வகுத்த எல்லைகள் இவை.

குளிரில் தண்ணீராகவும் சூட்டில் கெட்டியாகவும் மாறும் ஆயில் என்று ஒன்று கிடையாது. எல்லா ஆயிலும் குளிரில் கெட்டிப்பட்டு, சூட்டில் இளகும். 100 டிகிரியில் 10 அல்லது 11 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும் 5டபிள்யூ-30 ஆயில், 40 டிகிரியில் ஏறத்தாழ 60-ஐத் தொடும். எஞ்சின் ஸ்டார்ட் ஆன முதல் சில நிமிடங்களில் ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பனி உறையாத ஊரில் ஓட்டுபவருக்கு முன் எண் 0 ஆக இருந்தாலும் 5 ஆக இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பின் எண்தான் முக்கியம். அதிலும் பலர் கவனிக்காத ஓர் அளவு இருக்கிறது: 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் வேகமாக அரைபடும் நிலையில் ஆயில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பது. இது மில்லிபாஸ்கல்-செகண்ட் என்ற அலகில் 0டபிள்யூ-20-க்குக் குறைந்தது 2.6, 5டபிள்யூ-30-க்கு 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5 இருக்க வேண்டும். எண் ஏற ஏற உலோகங்களுக்கு இடையிலான ஆயில் படலம் தடிக்கிறது. கூடவே எஞ்சின் அந்த ஆயிலைத் தள்ளிக்கொண்டு சுழலச் செலவிடும் சக்தியும் ஏறுகிறது. மைலேஜைக் கூட்ட விரும்பிய கார் தயாரிப்பாளர்கள் மெல்லிய ஆயிலுக்குப் போனது அதனால்தான்.

மெல்லிய ஆயில் என்றால் மட்டமான ஆயில் என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. 0டபிள்யூ-20-க்கென்றே வடிவமைத்த எஞ்சினில் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், துவாரங்களின் அளவு எல்லாமே அந்த ஆயிலுக்கு ஏற்றபடிதான் இருக்கும். வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பு உள்ள எஞ்சின்களில் கேம் ஷாஃப்டின் கோணத்தைத் திருப்புவது பெரும்பாலும் ஆயில் அழுத்தம்தான். அங்கே 20டபிள்யூ-50 ஊற்றினால் அந்த அமைப்பு மந்தமாகும், மைலேஜும் குறையும். அதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது. 3.5 கேட்கும் எஞ்சினில் 2.6 ஊற்றி, பாரம் ஏற்றி மலைப்பாதையில் இழுத்தால் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசும். இரண்டுமே தவறுதான், ஆனால் எதற்கு அதிகம் பயப்படுவேன் என்று கேட்டால் தேவைக்கு மெல்லியதாகப் போவதற்குத்தான்.

“பழைய வண்டி, கொஞ்சம் கெட்டியா ஊத்துங்க” என்ற அறிவுரையில் பாதிதான் உண்மை. பல கார்களின் மேனுவலில் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடு கொடுத்திருப்பார்கள். அதில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டும் இருந்து, வண்டி நிறைய ஓடி ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தால், 40-க்கு மாறிப் பார்ப்பதில் தவறில்லை. மேனுவலில் இல்லாத கிரேடுக்குத் தாவினால் குடிப்பது கொஞ்ச நாள் அடங்கினாற்போலத் தெரியும். தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் இறுகிப்போன வால்வு சீலும் அப்படியேதான் இருக்கும்.

மினரலா, செமி சிந்தெடிக்கா, ஃபுல் சிந்தெடிக்கா என்பது அடுத்த போட்டி. இதில் பெயர்கள் கொஞ்சம் ஏமாற்றும். முதலில் ‘சிந்தெடிக்’ என்பது வேதிமுறையில் கட்டமைத்த எண்ணெயையே குறித்தது. கச்சா எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்துக் கடுமையாகச் சுத்திகரித்த ‘குரூப் 3’ எண்ணெயையும் அப்படி அழைக்கலாமா என்று இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு இடையே அமெரிக்காவில் தகராறு எழுந்தது. 1999-ல் விளம்பரங்களை ஆராயும் அமைப்பு அழைக்கலாம் என்றே முடிவு சொன்னது. இன்று ஃபுல் சிந்தெடிக் என்று விற்கும் ஆயில்களில் பெரும்பங்கு அந்த வகைதான். அதனால் அவை மோசம் என்று அர்த்தமில்லை, நல்ல குரூப் 3 ஆயில் அருமையாக வேலை செய்யும். செமி சிந்தெடிக் என்ற பெயரைத்தான் நான் நம்புவதில்லை. எவ்வளவு பங்கு சிந்தெடிக் என்பதைக் கேனிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

சிந்தெடிக்கின் பலன் சூட்டில் தெரியும். ஆவியாகிக் குறைவது குறையும், சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போகாது. டர்போ உள்ள வண்டியில் எஞ்சினை அணைத்ததும் டர்போவின் பேரிங்கில் தங்கிய ஆயில் வெந்து கரியாகப் படியும். அங்கே மினரல் ஆயிலைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. டர்போ இல்லாத பழைய எஞ்சின், மேனுவலும் மினரலை அனுமதிக்கிறது, ஆயிலையும் காலத்தோடு மாற்றுகிறீர்கள் என்றால் மினரலே போதும். ஒருமுறை சிந்தெடிக் ஊற்றினால் திரும்பவே முடியாது என்பது வெறும் வதந்தி.

மூன்றாவது ஒப்பீட்டில்தான் பணம் கரையும் தவறுகள் நடக்கின்றன. இரண்டு கேன்களிலும் 5டபிள்யூ-40, ஃபுல் சிந்தெடிக் என்று இருக்கும். ஒன்றின் பின்பக்கம் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்கள் சங்கம்) வகுத்த தரச்சான்றான ஏ3/பி4 என்றும், மற்றதில் ஏசிஇஏ சி3 என்றும் போட்டிருக்கும். புகை வடிகட்டி, அதாவது டிபிஎஃப், உள்ள டீசல் கார் என்றால் இந்த ஒரு வரிதான் முடிவு. வடிகட்டியில் சேரும் புகைக்கரியை எஞ்சின் அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். ஆனால் ஆயிலில் கலந்த கால்சியம், மக்னீசியம், துத்தநாகச் சேர்மங்கள் எரிந்து மிஞ்சும் சாம்பல் எரியாது. கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டியை அடைத்துவிடும். சி3-ல் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏ3/பி4-ல் அது 1 முதல் 1.6 சதவீதம் வரை இருக்கும். டிபிஎஃப் இல்லாத வண்டியில், கந்தகம் அதிகமுள்ள எரிபொருள் கிடைக்கும் இடத்தில், அமிலத்தை முறிக்கும் சக்தி கூடுதலாக உள்ள ஏ3/பி4 நன்றாகவே உழைக்கும். எது உயர்ந்தது என்று கேட்பதில் பொருளில்லை, எந்த வண்டிக்கு என்றுதான் கேட்க வேண்டும்.

பெட்ரோல் டர்போ, நேரடி ஊசி (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) எஞ்சின் என்றால் கேனில் வட்ட முத்திரைக்குள் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) தரும் தரச்சான்றான எஸ்பி அல்லது அதற்குப் பின் வந்த எஸ்க்யூ இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் கலவை நேரம் தவறிப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் கோளாறு இந்த எஞ்சின்களில் வந்தது. ஆயிலில் கால்சியம் அதிகமாக இருப்பது அதைத் தூண்டுகிறது என்று கண்டார்கள். 2020 மே மாதம் வந்த எஸ்பி அதற்கான சோதனையையும் டைமிங் செயின் தேய்மானச் சோதனையையும் சேர்த்துக்கொண்டது. பழைய எஸ்என், எஸ்எம் கேட்கும் பெட்ரோல் கார்களிலும் அதே கிரேடில் எஸ்பி போடலாம். ஆயிலில் நனைந்தபடி ஓடும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினுக்கு மட்டும், கார் தயாரிப்பாளரின் எந்தத் தரநிலை எண்ணை மேனுவல் சொல்கிறதோ, அந்த எண் உள்ள ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்ற கேள்விக்கு மேனுவலில் இரண்டு பதில்கள் இருக்கும், நாம் முதல் பதிலோடு நின்றுவிடுகிறோம். கடினப் பயன்பாட்டுக்கான குறைந்த இடைவெளி தனியாகக் கொடுத்திருப்பார்கள். தினமும் ஐந்து நிமிட ஓட்டம், தூசு, நெரிசலில் நின்று நின்று நகர்வது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும், ஃபில்டரையும் சேர்த்து. டீசலில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். கறுப்பைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

மாற்றும்போது கேனில் மிச்சமிருக்கிறதே என்று முழுவதையும் ஊற்றிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை பேரிங்கைக் காக்காது. கொஞ்சம் குறைவாகவே ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, சமதரையில் சில நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் மூடியை இறுக்கிவிடலாம்.