ஏலகிரியில் கூடார முகாம்: கைக்குழந்தையோடும் நாயோடும் தங்கியவரின் மதிப்புரை

ஏலகிரி மலையில் நிலாவூர் செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே, பலா மரங்களுக்கு நடுவே ஒரு குடும்பம் நடத்தும் கூடார முகாமைப் பற்றிய மதிப்புரை இது. ஜனவரி மாதத்தில் நானும் மனைவியும் எங்கள் எட்டு மாதக் குழந்தையோடும், வீரா என்ற சிப்பிப்பாறை நாயோடும் அங்கே தங்கினோம். முகாமின் பெயரை நான் தரவில்லை. கீழே சொல்லப்போகும் பெரிய குறை குளிர்ப் பிரதேச முகாம்கள் பலவற்றிலும் காணக்கூடியது என்பதால், அதை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது.

நாயையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்தவுடனே பாதி இடங்கள் பட்டியலிலிருந்து போய்விடும். முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களுக்குள் வளர்ப்பு நாய்களுக்கு அனுமதி இல்லை. அந்த விதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் செந்நாய்களையும் பெரும்பூனைகளையும் கொல்லக்கூடியது. 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் அந்த வைரஸால் மடிந்தன. ஏலகிரி சரணாலயம் அல்ல. அது சென்னையிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் உயரத்தில் இது பாதிதான் என்பதால் குளிரும் குழந்தை தாங்கக்கூடிய அளவிலேயே இருக்கிறது. புலவர்களின் பெயரையும் கடையேழு வள்ளல்களின் பெயரையும் தாங்கிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே செல்ல வேண்டும். குழந்தைக்கும் நாய்க்கும் மலையேறுவதற்கு வெகு நேரம் முன்பே உணவு கொடுத்து முடித்துவிட்டால் வாந்தித் தொல்லை பெருமளவு குறையும்.

முகாமில் முதலில் நான் பார்த்தது வேலியை. சிப்பிப்பாறை வேட்டை நாய். முயலோ கீரியோ கண்ணில் பட்டுவிட்டால் அது உரிமையாளரின் குரலைக் காதில் வாங்காது. தோட்டத்தைச் சுற்றி ஆள் மார்பளவுக்குக் கம்பி வலை அடித்து, அதன் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்திருக்கிறார்கள். நாய் தோண்டி வெளியேறாதிருக்கச் செய்த ஏற்பாடு அது என்று உரிமையாளர் விளக்கியபோது, ‘செல்லப் பிராணிகளுக்கு அனுமதி உண்டு’ என்ற அறிவிப்பை இவர்கள் பொருள் உணர்ந்து எழுதியிருக்கிறார்கள் என்பது புரிந்தது. பல இடங்களில் அந்த அறிவிப்புக்கு நாயை விரட்ட மாட்டோம் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. இங்கே நாயோடு வருபவர்களுக்கு வேலியை ஒட்டிய கடைசிக் கூடாரங்களைத் தருகிறார்கள். மற்ற விருந்தினர்களின் குழந்தைகள் ஓடி விளையாடும் இடம் அங்கிருந்து நன்றாக விலகி இருக்கிறது.

கூடாரங்கள் குவிமாட வடிவிலான நான்கு பேர் கூடாரங்கள். மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடையின் மேல் அவற்றை நிறுத்தி, மழைநீர் ஓட மேடையைச் சுற்றிச் சிறு வாய்க்காலும் வெட்டியிருக்கிறார்கள். உள்ளே வலைத்துணி அடுக்கு, வெளியே நீர் புகாத மேல்துணி என்ற இந்த அமைப்பில் மேல்துணியின் காற்றுத் திறப்புகளைக் குளிருக்குப் பயந்து மூடிவிட்டால், உள்ளே இருப்பவர்களின் மூச்சுக் காற்றிலுள்ள ஈரம் துணியில் படிந்து விடியற்காலையில் சொட்டத் தொடங்கும். நாயும் உடன் படுக்கும்போது அந்த ஈரம் இன்னும் கூடும். பணியாளர் தம்பி இதைத் தாமாகவே எடுத்துச் சொல்லி, எதிரெதிரான இரண்டு திறப்புகளைத் திறந்து கட்டிவிட்டுப் போனார். விடிந்தபோது எங்கள் போர்வைகள் உலர்ந்தே இருந்தன.

படுக்கை விஷயத்தில் மட்டும் நாங்கள் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் தருவது காற்றடைத்த மெத்தை. கைக்குழந்தையை அதில் படுக்க வைக்கக் கூடாது. புரளும் குழந்தையின் முகம் மெத்தையில் அழுந்தி மூச்சு முட்டும் அபாயம் உண்டு. கோரைப் பாயும் கெட்டியான ஜமக்காளமும் கேட்டோம். சற்று நேரத்தில் வந்தன. பகலில் பலாக் கிளையில் பருத்திச் சேலையால் தூளி கட்டித் தந்தார்கள். முடிச்சை இழுத்து, தம் முழு எடையையும் அதில் ஒருமுறை தொங்கவிட்டுச் சோதித்த பிறகே அந்த வீட்டு அம்மா குழந்தையை வாங்கினார். அந்தக் கவனத்துக்கு எத்தனை நட்சத்திரம் தந்தாலும் தகும்.

இனி அந்தக் குறை. இருட்டத் தொடங்கியதும், “ராத்திரி குளிரும் சார், பாப்பா இருக்கே, கரி அடுப்பு வைக்கட்டுமா?” என்று கேட்டு, கனன்றுகொண்டிருந்த குமுட்டி அடுப்பைக் கூடாரத்தின் வாசலுக்கே கொண்டு வந்துவிட்டார்கள். முழுக்க முழுக்க அன்பினால் செய்த காரியம்தான். ஆனால் உயிருக்கே உலை வைக்கக்கூடிய காரியம். கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால், தூங்குபவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். புகை அடங்கிய தணலும் அதே நஞ்சை விடுகிறது என்பதால் ‘புகையே இல்லையே’ என்று நினைப்பது பெரும் ஏமாற்றம். வேகமாக மூச்சு விடும் குழந்தைகளுக்கு ஆபத்து பெரியவர்களைவிட விரைவில் நேரும். 2024இல் கொடைக்கானல் விடுதியொன்றில் இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய சுற்றுலாப் பயணிகள் இருவர் இறந்த செய்தியை நான் அவர்களிடம் சொன்னேன். உரிமையாளர் மறுபேச்சின்றி அடுப்பை எடுத்துப் போய், ரப்பர் வெந்நீர்ப் பைகளைக் கொடுத்தனுப்பினார். அவற்றைப் படுக்கையில் வைத்துச் சூடேற்றி, குழந்தையைக் கிடத்தும் முன் எடுத்துவிட்டோம். கேட்ட மாத்திரத்தில் திருத்திக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் கேட்கத் தெரியாத விருந்தினருக்கு அந்த அடுப்பு வாசலிலேயே இருந்திருக்கும். குளிர் கூடியதும் யாராவது அதை உள்ளே இழுத்து வைத்துக் கூடாரத்தின் ஜிப்பைப் போட்டுவிடுவார்கள். இந்த வழக்கத்தை முகாம் அடியோடு நிறுத்த வேண்டும். கூடாரத்துக்குள் கொசுவத்திச் சுருள் வைத்திருந்ததையும் இதே காரணத்துக்காக எடுக்கச் சொன்னோம். வலைத்துணியின் ஜிப்பைச் சரியாக மூடினாலே கொசு வராது.

சமையலறையைப் பற்றி நிறையச் சொல்லலாம். காலையில் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் சேர்க்காத கேழ்வரகுக் கூழைத் துணியில் வடிகட்டி, கட்டியில்லாமல் காய்ச்சித் தந்தார்கள். பால் மாவைக் கலக்க 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீர் வேண்டும் என்பதால் எந்த நேரத்திலும் வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டிருந்தோம். இரவு படுக்கும் முன் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய பெரிய ஃபிளாஸ்க் ஒன்று கூடாரத்துக்கே வந்தது. பின்னிரவில் குழந்தை விழித்தபோதும் அந்த நீர் போதிய சூட்டோடு இருந்தது. வீராவுக்கு வெங்காயமும் மசாலாவும் சேராமல் கோழியைத் தனியாக வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து கொடுத்தார்கள். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் என்று நாங்கள் சொல்லும் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மலைத்தேன் ஒரு சொட்டைக் குழந்தையின் நாக்கில் தடவ அந்த அம்மா ஆசையோடு வந்தபோது மட்டும் நாங்கள் தடுத்தோம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் நுண்ணுயிரின் வித்துகளை அந்தக் குடலால் எதிர்க்க முடியாது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

நாயை இரவில் வெளியே கட்டிப் போட வேண்டாம் என்று முகாமிலேயே சொல்கிறார்கள். 2024 ஜூன் மாதத்தில் மலையடிவாரத்துத் திருப்பத்தூர் நகருக்குள்ளேயே சிறுத்தை ஒன்று புகுந்ததை நினைத்தால் அது தேவையான எச்சரிக்கைதான். கட்டிய நாய் சிறுத்தைக்கு எளிய இரை. குட்டை ரோமமும் ஒட்டிய வயிறும் கொண்ட சிப்பிப்பாறைக்குக் குளிர் தாங்காது என்பதால் வீராவுக்குப் பழைய கம்பளிச் சட்டையைப் போர்த்திக் கூடாரத்தின் முன்பகுதியில் படுக்க வைத்தோம். தோட்டத்துப் புல்லில் உண்ணி உண்டு. மாலைதோறும் காது மடல், விரலிடுக்கு, வால் அடி ஆகியவற்றை விளக்கு வெளிச்சத்தில் விலக்கிப் பார்த்ததில், காதுமடிப்பில் மிளகளவு உண்ணி ஒன்று அகப்பட்டது. நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தால் முழுதாக வந்துவிடும். உண்ணித் தடுப்பு மருந்தும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடாத நாயை இங்கே அழைத்து வர வேண்டாம். முகாமில் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள், அது நல்ல வழக்கம்.

கழிவறை சுத்தம். ஆனால் கடைசிக் கூடாரத்திலிருந்து அங்கே செல்லும் பாதையில் விளக்குகள் போதாது. குழந்தையை ஏந்திக்கொண்டு நடப்பவர்களுக்கு அது சிரமம். தலையில் மாட்டும் டார்ச் கொண்டு போங்கள். இரவு பத்து மணிக்குப் பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட வேண்டும் என்ற விதியை இளைஞர் குழு ஒன்றிடம் உரிமையாளரே நேரில் போய் வலியுறுத்தினார்.

ஒரு கூடாரத்துக்கு ஓர் இரவுக்குக் காலை, இரவு உணவுடன் 3,000 ரூபாய். நாய்க்கு 400 ரூபாய் தனி. கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கும் குறைந்த குழந்தையோடு செல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் திடீரென்று காய்ச்சல் கண்டால் அந்தப் பதினான்கு வளைவுகளையும் இருட்டில் இறங்கித்தான் திருப்பத்தூர் அரசு மருத்துவமனையை அடைய வேண்டும். பொங்கல் விடுமுறையையும் நீண்ட வார இறுதிகளையும் தவிர்த்து, வார நாளில் முன்பதிவு செய்யும்போதே வேலியோரக் கூடாரம், கோரைப் பாய், ஃபிளாஸ்க் மூன்றையும் கேட்டுவிடுங்கள். கரி அடுப்பு வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.