மூன்று நாள் தலைமைப் பயிற்சி: இரண்டாம் நாளுக்காகப் போகலாம்

கட்டணம் 1,500 ரூபாய், தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து. 'கடலோர, கடல்சார் சூழல் நிர்வாகத்தில் தலைமை' என்று அழைப்பிதழில் நீளமாகப் பெயர் போட்டிருந்தார்கள். நடத்தியவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. மீனவக் கிராமங்களைச் சுற்றி இப்படிப் பல பயிற்சிகள் நடக்கின்றன, கேட்டுப் பார்த்துச் சேருங்கள். நான் நாகை மாவட்டக் கிராமம் ஒன்றின் மகளிர் குழுச் செயலாளர். அம்மா கூடை சுமந்து மீன் விற்றவர், நான் கருவாடு போடுகிறேன்.

முதல் நாள் வீண். காலை ஒன்பது மணிக்கே வகுப்பு என்றார்கள். கரையில் ஏலம் எடுத்து மீனைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் நேரம் அது. மீன் விற்கும் பெண்களில் பாதிப் பேர் வரவே இல்லை. பிறகு ஒரு விளையாட்டு: 'கப்பல் மூழ்குகிறது, படகில் ஐந்து பேருக்குத்தான் இடம், யாரை ஏற்றுவீர்கள்?' 2004 சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். என் பக்கத்தில் இருந்த அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். நடத்திய தம்பிக்கு வயது இருபத்தைந்து இருக்கும், அவனுக்குக் காரணமே புரியவில்லை.

மதியம் 'தலைவர் என்பவர் யார்' என்று உரை. நாகை, காரைக்கால் பகுதியின் 64 மீனவக் கிராமங்களுக்கு நம்பியார் நகர் தலைமைக் கிராமம். எந்த வலை போடலாம், எது கூடாது என்று கிராமங்கள் கூடிப் பேசுவது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் (தேர்தலில் வரும் ஊராட்சி இல்லை, மீனவர்களின் பாரம்பரியப் பஞ்சாயத்து) ஒரு பெண்கூட உட்காருவதில்லை என்பதைப் பற்றித்தான் யாராவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

இரண்டாம் நாள் வந்தவர் ஓய்வுபெற்ற நில அளவையர். கரையில் எங்கே என்ன கட்டலாம், எங்கே கூடாது என்று காட்டும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தை மேசை முழுவதும் விரித்துவிட்டு, "உங்கள் ஊரைக் காட்டுங்கள்" என்றார். காட்ட முடியவில்லை. 1:25,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது 250 மீட்டர். எங்கள் கரை முழுவதும் இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்கிவிட்டது. மீனவக் கிராமங்கள், பொது இடங்கள், மீன் உலர்த்தும் களங்கள் எல்லாவற்றையும் சர்வே எண் தெரியும் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்கிறது என்பதை அவர் வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினார். இந்த விதிகளைக் கண்காணிக்கும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவில் மீனவர் உள்ளிட்ட கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறதாம். முப்பது பேர் இருந்த அறையில் ஒருவருக்கும் அது தெரியாது.

2019 அறிவிக்கையையும் விளக்கினார். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறக் கடலோரத்தில், கரையை ஒட்டிக் கட்டடம் கூடாத பகுதியின் அகலம், புதிய திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகு 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறையும். எங்களுக்கு வீடு கட்ட வசதிதான். ஆனால் அதே 50 மீட்டரைத் தாண்டி ரிசார்ட்காரரும் வரலாமே என்று ஒரு பெரியவர் கேட்டார். அளவையர் சிரித்துவிட்டு, "அதனால்தான் முதலில் களத்தைக் குறிக்கச் சொல்கிறேன்" என்றார். மாலை வரை பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, வலை காயும் இடம், படகு ஏற்றும் இடம், கருவாட்டுக் களம் என்று வரைந்தோம்.

மூன்றாம் நாள் சான்றிதழும் புகைப்படமும். கையேடு முழுக்க ஆங்கிலம். கடலைப் பற்றிய பயிற்சியில் மூன்று நாளும் சாம்பார்தான், ஒரு துண்டுக் கருவாடு கிடையாது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தரலாம். மூன்றுமே அந்த அளவையருக்கு. தனியாக அவர் வகுப்பு மட்டும் நடந்தால் இன்னொரு முறையும் பணம் கட்டுவேன்.

வரைந்த தாளை ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கொடுத்தேன். பஞ்சாயத்துப் பெரியவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பென்சிலை வாங்கி, கருவாட்டுக் களத்தை இன்னும் இருபது அடி வடக்கே நகர்த்திப் போட்டார்.