பேக்கப்பா, இரண்டடுக்கு லாகினா: மருத்துவமனை எதில் தொடங்குவது?

நோயாளிகளின் தகவலைக் காக்க மருத்துவமனை ஒதுக்கும் பணத்துக்கு மூன்று வழிகள் போட்டி போடுகின்றன: நல்ல பேக்கப், இரண்டடுக்கு லாகின் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது), நெட்வொர்க்கைப் பிரித்து வைப்பது (ஒரு பகுதியில் நுழைந்தது மற்ற பகுதிக்குப் பரவாதபடி). மூன்றும் தேவைதான். எது முதலில் என்பதில்தான் சண்டை.

பேக்கப் கட்சியின் வாதம் எளிது. பணம் பறிக்கும் நிரலான ரான்சம்வேர் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டாலும் வேறு நகல் இருந்தால் பணம் கேட்பவனுக்குப் பதிலே சொல்ல வேண்டாம். ஆனால் அந்த நகலும் அதே நெட்வொர்க்கில், அதே அட்மின் பாஸ்வேர்டில் இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். ஒரு நகலாவது இணைப்பே இல்லாமல் தனியாக இருக்க வேண்டும். நகல் இருப்பதும் வேலை திரும்புவதும் ஒன்றல்ல என்பது இன்னொரு சிக்கல். அயர்லாந்தின் பொதுச் சுகாதார அமைப்பான எச்எஸ்இ 2021 மே மாதம் தாக்கப்பட்டது. சில நாட்களிலேயே தாக்கியவர்கள் பூட்டைத் திறக்கும் சாவியை இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். அப்படியும் எல்லா சர்வர்களையும் மீட்டெடுக்க செப்டம்பர் ஆகிவிட்டது.

அதைவிடப் பெரிய ஓட்டை, திருட்டு. பின்லாந்தின் வஸ்தாமோ மனநல சிகிச்சை மையத்தில் திருடிய ஆலோசனைக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, 2020இல் நோயாளிகளையே தனித்தனியாக மிரட்டிப் பணம் கேட்டார்கள். வெளியே போன ரகசியத்தை எந்த பேக்கப்பும் திருப்பித் தராது. கிரெடிட் கார்டு என்றால் எண்ணை மாற்றிவிடலாம். நோயின் வரலாற்றை என்ன செய்வது?

அதனால் நான் லாகின் பக்கம். 2024இல் அமெரிக்காவில் மருத்துவ பில்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தில், திருட்டு பாஸ்வேர்டு ஒன்றை வைத்துத் தொலை அணுகல் தளம் வழியாக நுழைந்தார்கள். அந்தத் தளத்தில் இரண்டாம் அடுக்கு சரிபார்ப்பு இல்லை. தாக்கியவர்களுக்கு நிறுவனம் 2.2 கோடி டாலர் கொடுத்த பிறகும் தகவல் பாதுகாப்பாக இருக்கும் என்ற உறுதி கிடைக்கவில்லை. இத்தனைக்கும் மூன்றில் செலவு குறைந்தது இரண்டடுக்கு லாகின்தான்.

சரி, வார்டில் இது நடக்குமா? ஒரே கணினியில் பலர் மாறி மாறி வேலை செய்யும் இடத்தில், ஒவ்வொரு முறையும் ஓடிபி தட்டச் சொன்னால் செவிலியர்கள் ஒரே கணக்கைத் திறந்தே வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உள்ளே அடையாள அட்டையைத் தொட்டு ஷிப்டுக்கு ஒருமுறை பின் எண் கொடுத்தால் போதும் என்று வைக்கலாம். வெளியிலிருந்து நுழைபவர்களுக்கும் அட்மின்களுக்கும் மட்டும் சரிபார்ப்பு ஆப் அல்லது பாதுகாப்புச் சாவி (கணினியில் செருகும் சிறு கருவி) கட்டாயம். எஸ்எம்எஸ் ஓடிபி வேண்டாம், சிம்மை ஏமாற்றி மாற்றிவிட்டால் அது திருடனுக்கே போய்ச் சேரும். அவசர சிகிச்சைக்கென்று எல்லாவற்றையும் தாண்டித் திறக்கும் ஒரு கணக்கு இருக்கட்டும், ஆனால் அதைத் தொட்டவர் பெயர் உடனே பதிவாக வேண்டும்.

நெட்வொர்க்கைப் பிரிப்பது பழைய ஸ்கேன் கருவிகளுக்கான மருந்து. 2017இல் பிரிட்டன் மருத்துவமனைகளை முடக்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பாஸ்வேர்டு எதையும் கேட்கவில்லை. அப்டேட் செய்யாத விண்டோஸ் கணினிகளில் தானாகவே பரவியது. அப்டேட் செய்யவே முடியாத கருவி வார்டில் நிறைய இருந்தால் மட்டும் லாகின், பேக்கப், பிறகு பிரிப்பு என்ற என் வரிசை மாறும்: லாகினுக்கு அடுத்து இது, பேக்கப் மூன்றாவது.