மாஸ்டடான்: புதுச்சேரியிலிருந்து ஒரு நீண்டகாலப் பயனரின் அனுபவம்

எலான் மஸ்க் 2022 அக்டோபரில் ட்விட்டரை வாங்கியபோது மாஸ்டடான் என்ற சமூக ஊடகத்துக்குப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். என்னோடு வந்த நண்பர்கள் பொங்கலுக்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன், பெரும்பாலும் ஊசுடு ஏரிப் பறவைப் படங்களைப் போட்டுக்கொண்டு.

ஜெர்மனிக்காரரான ஆய்கன் ரோச்கோ 2016-ல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. யார் வேண்டுமானாலும் சொந்த சர்வரில் நிறுவி நடத்தலாம். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை வழியாக சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். விளம்பரம் கிடையாது. நாம் பின்தொடரும் ஆட்களின் பதிவுகள் நேர வரிசையில் வரும், அவ்வளவுதான். காலையில் போட்ட படம் மதியத்துக்குள் கீழே போய்விடும். லைக் எண்ணுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது.

எனக்குப் பிடித்துப்போனது, படத்துக்கு விவரணை எழுதும் வழக்கம். ஒரு நாமக்கோழிப் படத்தை வெறுமனே போட்டிருந்தேன். பார்வையற்ற ஒருவர் படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கறுப்பு உடம்பு, வெள்ளை அலகு, நெற்றியிலும் வெள்ளை என்று எழுதினேன். "தனியாகவா, கூட்டமாகவா?" என்று அடுத்த கேள்வி வந்தது. இப்போது படம் எடுக்கும்போதே அந்தக் கேள்வி மனதில் ஓடுகிறது.

சரி, கஷ்டமான பக்கம். நான் முதலில் சேர்ந்த சர்வரை நடத்தியவர் தனி ஆள். கைக்காசு, ராத்திரித் தூக்கம், வசவு எல்லாம் அவருடையது. ஒருநாள் முடியவில்லை என்று சொல்லி, சில மாத அவகாசம் கொடுத்து மூடிவிட்டார். கணக்கை வேறு சர்வருக்கு மாற்றினால் நம்மைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே கூட வந்துவிடுவார்கள். நாம் பின்தொடரும் பட்டியலையும் கோப்பாக எடுத்துப் போய் ஏற்றிக்கொள்ளலாம். பழைய பதிவுகள் மட்டும் வராது. தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் புது சர்வரில் ஏற்ற வழியில்லை. என் முதல் வருடப் படங்கள் இப்போது ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன.

அதனால் இப்போது யாராவது எந்த சர்வரில் சேரலாம் என்று கேட்டால், அதன் அறிமுகப் பக்கத்தைப் படிக்கச் சொல்கிறேன். எத்தனை பேர் நிர்வகிக்கிறார்கள், செலவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும். நான் இருக்கும் இடத்துக்கு மாதாமாதம் நன்கொடை அனுப்புகிறேன். வெளிநாட்டு சர்வர் என்பதால் யூபிஐ எடுபடாது, கார்டோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர் யாரும் அங்கே இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மாஸ்டடானில் புதுச்சேரி என்று ஹேஷ்டேக் தேடினால் என் பதிவுகளே எனக்குக் கிடைத்தன. எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர், எங்கே கரண்ட் வந்தது என்பதெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில்தான். அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை பெருகியபோது, கடலூரில் இருக்கும் அக்கா வீட்டு நிலவரமும் குடும்பக் குழுவில்தான் வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒருவர் "பத்திரமா?" என்று கேட்டார். நல்ல மனிதர், ஆனால் மோட்டார் படகு எங்கே நிற்கிறது என்று அவரிடம் கேட்க முடியுமா?

தனிச்செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. நினைத்தால் சர்வர் நிர்வாகி படிக்கலாம். ஃபோன் நம்பர், விலாசம் எல்லாம் நான் சிக்னல் செயலியில்தான் அனுப்புகிறேன்.